பாயிண்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்ட பழைய கார்: எந்தத் தொந்தரவுக்கு எங்கே பார்க்க வேண்டும்

பழைய காரில் ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து, உள்ளே கரண்ட்டைச் சேர்த்துப் பிரிக்கும் பாயிண்ட்டையும் அதில் தீப்பொறி பறக்காமல் அடக்கும் கன்டென்சரையும் எடுத்துவிட்டு, அதே இடத்தில் உட்காரும் சின்ன எலக்ட்ரானிக் மாட்யூலைப் பொருத்துவது கைப்பழக்கம் உள்ளவருக்கு அரை மணி நேர வேலை. அதன் பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, மிஸ்ஸிங் அடிக்கிறது என்றால்தான் தலைவலி. உடனே எல்லோரும் சந்தேகப்படுவது புதிதாக வந்த மாட்யூலைத்தான். நான் பார்த்த வண்டிகளில் பெரும்பாலும் மாட்யூல் நன்றாகவே இருந்தது. அதற்குப் போகும் வோல்ட் குறைந்திருக்கும், எர்த் (பாடி வழியாகப் பேட்டரிக்குக் கரண்ட் திரும்பும் வழி) சரியாக இருக்காது, ஸ்பார்க்குக்கான வோல்ட்டை எழுப்பும் காயில் பொருந்தாததாக இருக்கும், இல்லாவிட்டால் வருஷக்கணக்காகத் தேய்ந்த டிஸ்ட்ரிபியூட்டரின் பழைய நோய் ஏதாவது இப்போது தலைகாட்டியிருக்கும். அதனால் மாட்யூலை மாற்றுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாயிண்ட் செய்துவந்த வேலை ஒன்றே ஒன்று: காயிலின் மைனஸ் முனையை எர்த்தோடு சேர்ப்பது, பிறகு சட்டென்று பிரிப்பது. பிரியும் நொடியில் காயிலுக்குள் இருக்கும் காந்தப்புலம் சரிந்து, ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பி, டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் (மூடியின்) நடு ஒயர் வழியாக, உள்ளே சுழலும் ரோட்டருக்கும் அங்கிருந்து பிளக்குக்கும் போகிறது. 1910 வாக்கில் சார்ல்ஸ் கெட்டரிங் அமைத்துக் கொடுத்த முறை இது. மாட்யூல் வந்தாலும் முறை மாறவில்லை, சேர்த்துப் பிரிக்கிற கை மட்டும்தான் மாறியிருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டில் மாட்டிய காந்த வளையம் சுற்றும்போது எதிரே இருக்கும் ஹால் சென்சார் அதை உணர்ந்து, உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டரைத் திறந்து மூடுகிறது. சில கிட்களில் காந்தத்துக்குப் பதில் அகச்சிவப்பு ஒளியும் அதை மறைத்து மறைத்து விடும் தகடும் இருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் எல்லாச் சோதனைக்கும் காரணம் தானாகவே புரியும்.

கைவைக்கும் முன் இரண்டு விஷயம். முதலாவது, பேட்டரியின் எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்களில் நிறைய பாசிட்டிவ் எர்த். நெகட்டிவ் எர்த்துக்கான மாட்யூலை அதில் இணைத்தால் சாவி திருப்பிய கணத்திலேயே போய்விடும், புகைகூட வராது. இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் அளவுகளும் முனைகளும் நெகட்டிவ் எர்த் வண்டிக்கானவை. இரண்டாவது, காயிலின் இரண்டு சின்ன ஒயர்களையும் கழற்றிவிட்டு, முனைகளுக்கு நடுவே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 3 ஓம் பக்கம் வந்தால் சாதாரண 12 வோல்ட் காயில். 1.5 ஓம் பக்கம் வந்தால் அது பேலஸ்ட் ரெசிஸ்டரோடு (காயிலுக்குப் போகும் வோல்ட்டைக் குறைக்கும் தடையோடு) ஓடப் பிறந்த காயில். 0.7 ஓம் மாதிரி வந்தால் அது பிற்கால எலக்ட்ரானிக் இக்னிஷனுக்காகச் செய்தது, பாயிண்ட்டுக்குப் பதிலாகப் போடும் எளிய மாட்யூல் அதன் கரண்ட்டைத் தாங்காது. 3 ஓம் காயில் 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் இழுக்கும், 0.7 ஓம் காயில் அதைப்போல நாலு மடங்குக்கு மேல் இழுக்கப் பார்க்கும். உங்கள் கிட்டோடு வந்த தாளில் காயில் குறைந்தது எத்தனை ஓம் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். எந்தத் தொந்தரவாக இருந்தாலும் முதலில் அந்த எண்ணைப் பாருங்கள்.

செல்ஃப் நன்றாக அடிக்கிறது, ஸ்பார்க் சுத்தமாக இல்லை

சாவியை ஆன் செய்து காயிலின் பிளஸ் முனையில் வோல்ட் பாருங்கள். ஒன்றுமே இல்லை என்றால் மாட்யூலைத் தொட வேண்டியதே இல்லை. சாவி ஸ்விட்ச், ஃபியூஸ், நடுவில் இருக்கும் இணைப்புகள் என்று பின்னோக்கிப் போங்கள். வோல்ட் இருக்கிறது, ஆனால் 6, 7, 9 என்று குறைவாக இருக்கிறது என்றால் அந்த வண்டியில் பேலஸ்ட் இருக்கிறது. பல 1960, 70களின் கார்களில் பேலஸ்ட் தனிப் பீங்கான் கட்டியாகத் தெரியாது, ஒயர் கட்டுக்குள் ஓடும் ஒரு ரெசிஸ்டன்ஸ் ஒயராகவே ஒளிந்திருக்கும். காயில் அந்தக் குறைந்த வோல்ட்டில் ஓடட்டும், அதற்காகத்தான் அது இருக்கிறது. மாட்யூலுக்குக் கரண்ட் கொடுக்கும் சிவப்பு ஒயருக்கு மட்டும் பேலஸ்ட்டுக்கு முன்னால் இருந்து, சாவி ஆன் செய்தால் முழு 12 வோல்ட் வரும் இடத்தில் இருந்து தனியாக இழுத்துக் கொடுங்கள். பிளஸ் முனைதான் கைக்கு அருகில் இருக்கிறது என்று சிவப்பையும் அங்கேயே இணைத்துவிடுவது எல்லோரும் செய்யும் தவறு.

அடுத்தது காயிலின் மைனஸ் முனை. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, நடு ஒயரைக் கேப்பில் இருந்து எடுத்து அதன் முனையை எர்த்தில் பிடிமானமாக இணைத்து, அப்புறம் கிராங்க் நட்டில் ஸ்பேனர் போட்டு இன்ஜினை மெதுவாகச் சுற்றுங்கள். மைனஸ் முனையில் மீட்டர் 12-க்கும் ஒன்று, ஒன்றரை வோல்ட்டுக்கும் மாறி மாறிக் குதித்தால் மாட்யூல் வேலை செய்கிறது, பிரச்சினை அதற்கு அப்பால், காயில், கேப், ரோட்டர் பக்கம் இருக்கிறது. இன்ஜின் நின்றால் தானாகவே கரண்ட்டை நிறுத்தும் மாட்யூல்களில் மட்டும் இந்த மெதுவான சோதனை ஏமாற்றும். அப்படிப்பட்டதில் மைனஸ் முனையில் டெஸ்ட் லேம்ப்பை மாட்டி செல்ஃப் அடியுங்கள், லைட் மினுக்க வேண்டும்.

எப்போதும் 12 வோல்ட்டிலேயே நிற்கிறது என்றால் மாட்யூல் எர்த்தை இழுக்கவே இல்லை. சிவப்பில் வோல்ட் இருக்கிறதா, மாட்யூலின் அடித்தகட்டுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே நல்ல தொடர்பு இருக்கிறதா, காந்த வளையம் அடிவரை இறங்கியிருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். எப்போதும் ஒரு வோல்ட் பக்கமே நிற்கிறது என்றால் மாட்யூலில் இருந்து காயிலின் மைனஸ் முனைக்கு வரும் கருப்பு ஒயரை மட்டும் கழற்றுங்கள். அப்போது முனை 12-க்கு ஏறினால், ஒன்று அந்த ஒயர் டிஸ்ட்ரிபியூட்டர் ஓட்டை வழியாக வரும் இடத்தில் நசுங்கி எர்த்தைத் தொடுகிறது, அல்லது மாட்யூல் உள்ளே ஷார்ட்.

காயிலை மட்டும் தனியாகச் சோதிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. மாட்யூலின் கருப்பு ஒயரைக் கழற்றிவிட்டு, நடு ஒயரின் முனையில் ஒரு பிளக்கை மாட்டி, பிளக்கின் உடம்பை இன்ஜினில் ஒயரால் கட்டிவிடுங்கள். கையில் பிடித்துக்கொண்டு சோதிக்காதீர்கள், இந்த அதிர்ச்சி விளையாட்டல்ல. காயிலின் மைனஸ் முனையில் இருந்து ஒரு துண்டு ஒயரால் எர்த்தைத் தொட்டு எடுத்தால், எடுக்கும்போது பிளக்கில் ஸ்பார்க் தெரிய வேண்டும். இந்தச் சோதனையின்போது கழற்றிய பழைய கன்டென்சரை மைனஸ் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே தற்காலிகமாக மாட்டிக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் நீங்கள் ஒயரை எடுக்கும் இடத்திலேயே தீப்பொறி பறந்து சக்தி வீணாகி, பிளக்கில் ஸ்பார்க் நோஞ்சானாகத் தெரியும், நல்ல காயிலைக் கெட்டது என்று தூக்கிப் போடுவீர்கள். சோதனை முடிந்ததும் கன்டென்சரைக் கழற்றிவிடுங்கள், மாட்யூலோடு சேர்த்து மைனஸ் முனையில் அது இருக்கக் கூடாது.

செல்ஃப் அடிக்கும்போது ஒன்றுமில்லை, சாவியை விடும் நொடியில் ஒரு உதறல் கொடுத்து ஸ்டார்ட் ஆகிறது

இதற்கு இரண்டே காரணம். பழைய சாவி ஸ்விட்ச்கள் சிலவற்றில், ஸ்டார்ட் நிலைக்குத் திருப்பும்போது சில முனைகளுக்குக் கரண்ட் நின்றுவிடும். மாட்யூலின் சிவப்பை அப்படிப்பட்ட முனையில் இணைத்திருப்பீர்கள். இன்னொன்று, செல்ஃப் இழுக்கும்போது பேட்டரி வோல்ட் பாதாளத்துக்குப் போகிறது. யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு சிவப்பு ஒயரில் மீட்டரை வைத்துப் பாருங்கள். சுத்தமாகப் பூஜ்யம் என்றால் ஸ்விட்ச் முனை. 9-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி, இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் எர்த் பட்டை, ஸ்டார்ட்டர் மோட்டார் என்று போங்கள். பாயிண்ட் 7 வோல்ட்டிலும் முனகிக்கொண்டே ஸ்பார்க் கொடுத்துவிடும், மாட்யூலுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

இதற்கு நேர் எதிராக, ஸ்டார்ட் ஆகி சாவியை விட்டதும் அணைகிறது என்றால் பேலஸ்ட்டோ அதன் ஒயரோ அறுந்திருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது மட்டும் மாற்று வழியாகக் கரண்ட் வருகிறது, அவ்வளவுதான்.

செல்ஃப் அடித்தால் திருப்பி உதைக்கிறது, கார்புரேட்டரிலோ சைலன்சரிலோ வெடிக்கிறது

காரணம் டைமிங், அதாவது ஸ்பார்க் விழும் நேரம். பாயிண்ட் திறந்த இடமும் மாட்யூல் சுவிட்ச் செய்யும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பாமல் மாட்யூலை மட்டும் மாற்றினால் பல டிகிரி தள்ளிப்போயிருக்கும். வண்டி எப்படியாவது ஓடும் அளவுக்குக் கையால் திருப்பி ஸ்டார்ட் செய்து, ஸ்பார்க் விழும்போதெல்லாம் மின்னும் ஸ்ட்ரோப் லைட்டில் சரியாக வையுங்கள். பெரும்பாலான வண்டிகளில் இதற்கு டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்குவம் குழாயைக் கழற்றி முனையை அடைத்துவிட வேண்டும், உங்கள் வண்டியின் கையேடு சொல்வதுபோல் செய்யுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுத்திருந்தால் 180 டிகிரி மாறிப்போய் மாட்டியிருக்கவும் வாய்ப்புண்டு. முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் மேலே வரும்போது ரோட்டர் முதல் பிளக் ஒயரைப் பார்க்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ஐட்லிங் அழகாக நிற்கிறது, ஆக்சிலேட்டரை மிதித்தால் மிஸ்ஸிங்

ஆட்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். கார்புரேட்டரைப் பிரிப்பார்கள், ஜெட்டை ஊதுவார்கள், பெட்ரோல் பம்ப்பை மாற்றுவார்கள்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் உட்காரும் பேஸ் பிளேட் அசையக்கூடியது. இன்ஜினின் உறிஞ்சலால் ஸ்பார்க்கை முன்கூட்டி விழ வைக்கும் வேக்குவம் அட்வான்ஸ் டப்பா அதை இழுத்துத் திருப்புகிறது. அந்த பிளேட்டை டிஸ்ட்ரிபியூட்டர் உடம்போடு இணைக்க, விரல் நீளம்கூட இல்லாத, துணி சுற்றிய மெல்லிய பின்னல் ஒயர் ஒன்று இருக்கும். மாட்யூலின் எர்த் முழுக்க அதன் வழியாகத்தான் போகிறது. என் கையில் இருந்த ஒரு நாலு சிலிண்டர் வண்டி, ஐட்லிங்கில் தையல் மெஷின் மாதிரி ஓடும், மேடு ஏறும்போது அரை ஆக்சிலேட்டர் கொடுத்தால் வெட்டி வெட்டி இழுக்கும். நிறுத்தி மீட்டரில் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். ஒரு வாரம் கழித்து, கேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வேக்குவம் குழாயை வாயால் உறிஞ்சிப் பார்த்தேன். பிளேட் நகர்ந்தது, மீட்டரில் இருந்த எர்த் காணாமல் போனது. விட்டேன், திரும்பி வந்தது. துணி உறை முழுசாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. அதை நகத்தால் பிரித்துப் பார்த்தால் உள்ளே செம்புப் பின்னல் பச்சை பூத்து, மூன்றோ நாலோ இழை மட்டும் தொட்டுத் தொட்டு நின்றுகொண்டிருந்தது. பாயிண்ட் இருந்த காலத்திலேயே இந்த ஒயர் செத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். புது ஒயர் போடும்போது, பல மெல்லிய இழைகள் உள்ள வளையும் ஒயராகப் பார்த்துப் போடுங்கள். தடித்த ஒயர் போட்டால் பிளேட் நகராது, கொஞ்ச நாளில் முறிந்தும் விடும். அதே உறிஞ்சும் சோதனையில் மாட்யூலின் சிவப்பு, கருப்பு ஒயர்களையும் பாருங்கள், பிளேட் திரும்பும்போது அவை இறுகி இழுபடக் கூடாது, ரோட்டரிலும் உரசக் கூடாது.

எர்த் நன்றாக இருந்தால் பிளக் ஒயர்களைப் பாருங்கள். பழைய கார்க்காரர்களுக்கு உள்ளே செம்புக் கம்பி ஓடும் பிளக் ஒயர் மேல் ஒரு பாசம் உண்டு. பாயிண்ட்டோடு அது பிரமாதமாக ஓடும். ஆனால் அது எழுப்பும் ரேடியோ இரைச்சல் பக்கத்தில் இருக்கும் சென்சாரைக் குழப்பி, நேரம் கெட்ட நேரத்தில் சுவிட்ச் செய்ய வைக்கிறது. கார்பன் உள்ளீடு கொண்ட, இரைச்சலை அடக்கும் ஒயர்களுக்கு மாறுங்கள். பிளக்கையும் ரெசிஸ்டர் உள்ள வகையாகப் போடலாம்: என்.ஜி.கே. பிளக்கில் பி.பி.6இ.எஸ். என்பதற்குப் பதில் பி.பி.ஆர்.6இ.எஸ். என்று நடுவில் ஒரு ஆர் வந்தால் அது ரெசிஸ்டர் பிளக்.

மூன்றாவது ரோட்டர். மேல்தகட்டை ரிவெட் அடித்துப் பிடித்திருக்கும் ரோட்டர்கள் சிலவற்றில், ரிவெட்டின் அடியில் இருந்து உள்ளே இருக்கும் ஷாஃப்ட்டுக்கு ஸ்பார்க் துளைத்துக்கொண்டு இறங்கிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ரோட்டரைக் கழற்றி அடிப்பக்கம் வெளிச்சத்தில் பிடியுங்கள், ஊசி குத்தியதுபோல் கருகிய புள்ளி இருந்தால் அதுதான் ஆள். ரிவெட் இல்லாமல் வார்த்த ரோட்டர் வாங்குங்கள். கேப்பின் உள்ளே பென்சில் கோடு போல மெல்லிய கருப்புக் கீற்று இருந்தாலும் அதே கதை.

பழைய காயிலில் பிளஸ், மைனஸ் என்று இல்லாமல் எஸ்.டபிள்யூ., சி.பி. என்று போட்டிருந்தால் இன்னொன்றும் கவனியுங்கள். எஸ்.டபிள்யூ. சாவிப் பக்கம், சி.பி. பாயிண்ட் பக்கம். பாசிட்டிவ் எர்த் காலத்துக் காயில் அது என்றால், வண்டியை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிய பிறகு இரண்டையும் இடம் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் ஸ்பார்க் வரும், ஆனால் தலைகீழாக வரும். தலைகீழ் ஸ்பார்க்குக்கு அதிக வோல்ட் தேவை, அது இன்ஜினுக்குச் சுமை ஏறும்போது காலை வாரும்.

சூடானதும் அணைகிறது, ஆறினால் ஓடுகிறது

அணைந்த உடனே, ஆறவிடாமல், ஸ்பார்க் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இது பெட்ரோல் பக்கத்துப் பிரச்சினை, குழாயில் ஆவி அடைத்திருக்கலாம், இக்னிஷனை விட்டுவிடுங்கள். இல்லை என்றால் காயிலின் மைனஸ் முனையில் டெஸ்ட் லேம்ப் போட்டு செல்ஃப் அடியுங்கள். மினுக்கினால் மாட்யூல் சுவிட்ச் செய்கிறது, காயில்தான் உள்ளே சூட்டில் விரிந்து அறுபடுகிறது. மினுக்கவில்லை என்றால் மாட்யூல். காயில் மேல் ஈரத்துணி போட்டு நிமிடங்களில் உயிர் வந்தால் அதுவும் ஒரு சாட்சி, முனைகளில் மட்டும் தண்ணீர் படவிடாதீர்கள். வெளியே தனியாகப் பொருத்தும் மாட்யூல்கள், உதாரணமாக ஜெனரல் மோட்டார்ஸ் 1975 மாடல்களில் பரவலாகக் கொடுத்த ஹெச்.இ.ஐ. (ஹை எனர்ஜி இக்னிஷன்) வகையைப் பழைய வண்டியில் போட்டிருந்தால், அதன் அடியில் வெப்பம் கடத்தும் பேஸ்ட் தடவி, கனமான அலுமினியத் தகட்டில் இறுக்கியிருக்க வேண்டும். பேஸ்ட் இல்லாமல் பெயிண்ட் அடித்த பாடியில் திருகினால் கோடை தாங்காது.

டாக்கோமீட்டர் முள் துள்ளுகிறது அல்லது செத்துக் கிடக்கிறது

இன்ஜின் வேகத்தைக் காட்டும் இந்த மீட்டர் ஸ்மித்ஸ் கம்பெனியுடையது என்றால் டயலில் ஆர்.வி.ஐ. அல்லது ஆர்.வி.சி. என்று பொடி எழுத்தில் இருக்கும். ஆர்.வி.சி. காயிலின் மைனஸ் முனையைப் பார்ப்பது, வழக்கமாகத் தொந்தரவு தராது. ஆர்.வி.ஐ. காயிலுக்குப் போகும் கரண்ட்டையே தன் வழியாக ஓடவிட்டு எண்ணுகிறது. அதனால் மாட்யூலின் சிவப்பை மீட்டருக்கு முன்னால், சாவிப் பக்கத்தில் இருந்து எடுங்கள், மீட்டர் வழியாகக் காயில் கரண்ட் மட்டும் போகட்டும். அப்படியும் அடங்காவிட்டால் மீட்டரின் உட்பகுதியை மாற்றித் தருபவரிடம் கொடுப்பதுதான் வழி.

சாவியை எடுத்தாலும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது

குலுங்கிக் குலுங்கி ஒழுங்கில்லாமல் ஓடினால் அது சிலிண்டருக்குள் கார்பன் கனன்று எரிவது, இக்னிஷன் அல்ல. சீராக, ஒன்றுமே நடக்காததுபோல் ஓடினால் ஆல்டர்னேட்டரின் சார்ஜ் லைட் ஒயர் வழியாகப் பின்பக்கமாகக் கரண்ட் வந்து மாட்யூலை விழித்திருக்க வைக்கிறது. சார்ஜ் லைட்டுக்கும் ஆல்டர்னேட்டருக்கும் நடுவே ஒரு டயோடு போடுங்கள், ஆல்டர்னேட்டர் பக்கம் போக விட்டு, திரும்பி வர விடாத திசையில்.

மாட்யூல் மறுபடி மறுபடி போகிறது

இரண்டாவது மாட்யூலும் போனால் மூன்றாவதை வாங்காதீர்கள். காயில் ஓம் பாருங்கள். இன்ஜினை வேகமாக ஓட்டி பேட்டரி முனைகளில் வோல்ட் பாருங்கள், 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. அப்புறம், பாட்டு கேட்பதற்காகச் சாவியை இக்னிஷன் நிலையில் வைத்துக்கொண்டு உட்காரும் பழக்கம் யாருக்காவது இருக்கிறதா என்று வீட்டில் விசாரியுங்கள். எளிய மாட்யூல்களில் இன்ஜின் நின்ற இடத்தைப் பொறுத்துக் காயில் கரண்ட் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும், சில நிமிடங்களில் காயிலும் மாட்யூலும் வெந்துவிடும். பாடியில் வெல்டிங் செய்யும்போது மாட்யூல் ஒயர்களைக் கழற்றிவிடுங்கள்.

காந்த வளையம் சென்சாரில் உரசிய தடம் இருந்தால் ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. ரோட்டரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் கையிலேயே தெரியும். அதற்கு மாட்யூல் மருந்தல்ல, புஷ் மாற்ற வேண்டும். வளையத்தின் மேல் ரோட்டர் முழுசாக இறங்காமல் கொஞ்சம் தூக்கி நின்றாலும் கேப்பின் நடுக் கார்பனை அது தின்றுவிடும், கேப்பை மாட்டும் முன் ரோட்டரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்.

கழற்றிய பாயிண்ட், கன்டென்சர், அவற்றின் திருகுகள், இடைவெளி அளக்கும் ஒரு ஃபீலர் கேஜ் எல்லாவற்றையும் ஒரு சின்ன டப்பாவில் போட்டு வண்டியிலேயே வையுங்கள். மாட்யூலில் டைமிங் வைத்து முடித்ததும், டிஸ்ட்ரிபியூட்டர் உடம்புக்கும் பிளாக்குக்கும் குறுக்கே சிவப்புப் பெயிண்ட்டில் ஒரு கோடு போடுங்கள். பாயிண்ட்டில் ஓடியபோது இருந்த இடத்துக்கு, கழற்றும் முன்பே, ஒரு வெள்ளைக் கோடு. நடுவழியில் மாட்யூல் போனால் பாயிண்ட்டை மாட்டி, உங்கள் கையேடு சொல்லும் இடைவெளியை வைத்து (பல பழைய லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர்களில் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர்), காயிலுக்கு ஒயரை மாற்றி, வெள்ளைக் கோட்டுக்குத் திருப்பினால் போதும், ஸ்ட்ரோப் லைட் இல்லாமலே வீடு வந்து சேரலாம்.